தேய்ந்த மூட்டும் வளரும் உயிரணுவும்



பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அன்னையாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்ந்துவிட்டது. படியேற இயலவில்லை, தரையில் அமர்ந்தால் பிறர் கைகொடுக்காமல் எழ இயலவில்லை. அவ்வம்மையாரைப் பார்த்த ஒரு நிலையத்தார், மூல உயிரணுவை ஊசி வழியாக மூட்டில் செலுத்தினால் தேய்ந்த குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்று கூறிப் பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள். "ஊரிலுள்ள நிலத்தை விற்றால் அந்தத் தொகை தேறும். விற்கலாமா, ஐயா? விஞ்ஞானப் பாடம் தங்களிடந்தான் கற்றேன். ஆகையால் தங்களையே கேட்கிறேன்" என்று அவர் எழுதியிருந்தார்.

நான் மருத்துவன் அல்லன். பள்ளி ஆசிரியனாக வாழ்ந்து ஓய்வு பெற்றவன். மாணவன் கேட்ட வினாவுக்குத் தெரியாது என்று சொல்லி ஒதுங்குவது ஆசிரியனுக்கு அழகன்று; தெரிந்தவன்போல் விடை கூறுவதோ அதனினும் இழிவு. ஆகவே சில வாரங்கள் நூலகத்தில் அமர்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, இந்த வினாவுக்கு 'ஆம்', 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது என்பது விளங்கிற்று. ஏறத்தாழ 280 ஆண்டுகளாக அறிஞர்கள் இதனோடு போராடி வந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே தொடங்கினார்கள், எவ்வளவு தூரம் வந்தார்கள், இன்று எங்கே நிற்கிறார்கள் என்பதை அறிந்தால் விடை தானே புலனாகும். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

முதலில் குருத்தெலும்பு என்பது யாது எனக் காண்போம். பெயரில் எலும்பு என்று இருப்பினும் அஃது எலும்பன்று. ஆட்டுக்கால் எலும்பின் முனையில் வெண்மையாய், வழவழப்பாய்ப் பளபளக்கும் உறையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவே மூட்டின் குருத்தெலும்பு. மனிதனின் முழங்காலில் அதன் தடிப்புப் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதன் எடையில் முக்கால் பங்களவு நீர். கொலாஜன் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னியிருக்க, அவ்வலைக்குள் நீரை ஈர்த்துப் பிடிக்கும் பெரிய மூலக்கூறுகள் சிக்கியிருக்கின்றன. நாம் காலை ஊன்றும்போது நீர் வெளியே பிதுங்குகிறது. காலைத் தூக்கும்போது மீண்டும் உள்ளே புகுகிறது. இந்த ஏற்பாட்டினால், பனிக்கட்டியின்மேல் பனிக்கட்டி வழுக்குவதைக் காட்டிலும் குறைந்த உராய்வில் நம் மூட்டுகள் அசைகின்றன. உடல் எடையைப் போல் பன்மடங்கு பாரத்தை, நடக்கும் ஒவ்வோர் அடியிலும், ஆண்டுக்கணக்கில் தாங்குகின்றன.

இத்தகைய அரிய பொருள் கெட்டால் ஏன் தானே சீராவதில்லை? கையில் வெட்டுக்காயம் பட்டால் ஆறுகிறது. எலும்பு முறிந்தாலும் கூடுகிறது. ஏனெனில் அங்கெல்லாம் இரத்தம் பாய்கிறது. புண்ணை ஆற்றும் உயிரணுக்களும் உணவுப் பொருள்களும் இரத்தத்தின் வழியேதான் வந்து சேர்கின்றன. மூட்டுக் குருத்தெலும்பிலோ இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லை. இரத்தம் செல்லாத இடத்துக்குக் கொத்தனும் போவதில்லை, செங்கல்லும் போவதில்லை. அங்கே வாழும் உயிரணுக்களும் மிகச் சில. தத்தம் சிறு அறைகளுக்குள் அடைபட்டுக் கிடப்பதால், பக்கத்தில் பள்ளம் விழுந்தாலும் அவை எழுந்து சென்று அதை நிரப்ப இயலாது. மேலும், அதில் நரம்பும் இல்லை. ஆதலால் தேய்வு தொடங்கும்போது நமக்கு அறிவிப்பும் கிடைப்பதில்லை. வலி என்று நாம் உணரும் காலத்தில் சேதம் முற்றிப் பக்கத்துப் பகுதிகளையும் தாக்கியிருக்கும்.

இவ்வுண்மையின் ஒரு பகுதியை ஐரோப்பிய மருத்துவத்தில் தெளிவாக எழுதிவைத்தவர் வில்லியம் ஹண்டர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் உடற்கூறு கற்பித்த இவர், மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி 1743-ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புண்பட்ட குருத்தெலும்பு பெருந்தொல்லை தருவது. ஒருமுறை அழிந்தால் அது மீள்வதில்லை. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் காலந்தொட்டு அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி இது என்பது அவர் எழுதியதன் கருத்து. பின்னர் 1841-இல் ஜோசப் டாயின்பி என்பவர், இதில் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதை ஆராய்ந்து எழுதினார். ஹண்டரின் தீர்ப்புக்கு இவ்வாறு காரணமும் கிடைத்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அத்தீர்ப்பு அசையாமல் நின்றது.

இரத்தம் வராததுதான் குறையெனில், அதை வரவழைத்தால் என்ன? பிரிஸ்டல் நகர அறுவை மருத்துவர் கென்னத் பிரிடி இவ்வாறு எண்ணினார். குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில், அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகள் இட்டு மஜ்ஜையின் இரத்தம் கசிந்து வரச் செய்யும் முறையை 1959-இல் அவர் வெளியிட்டார். 1980-களில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன், கூர்முனைக் கருவியால் நுண்ணிய துளைகள் இடும் முறையாக அதைத் திருத்தி அமைத்தார். பலருக்குப் பயன் கிடைத்தது. ஆனால் துளை வழியே வளர்ந்து பள்ளத்தை நிரப்பிய பொருளை எடுத்துச் சோதித்தபோது, அது பெரும்பாலும் பழைய வழவழப்பான குருத்தெலும்பு அன்று, நார் மிகுந்த வேறொரு வகைத் திசு என்று தெரிந்தது. கருங்கல் தளம் பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியது போன்றது அது. பள்ளம் மறைந்தது, ஆனால் பாரத்தை நெடுங்காலம் தாங்கும் வலிமை அதற்கு இல்லை.

மாணவர்களே, இவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒன்று வளர்வது வேறு. இழந்ததே மீண்டும் வளர்வது வேறு. இனி வரும் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும் முயற்சியே ஆகும்.

அடுத்த பெரிய அடி ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் எடுத்துவைக்கப்பட்டது. லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் முதலியோர், நோயாளியின் மூட்டில் அதிகப் பாரம் தாங்காத ஓரிடத்திலிருந்து சிறிதளவு குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வளர்த்துப் பெருக்கி, பழுதுபட்ட பள்ளத்தில் மீண்டும் இட்டார்கள். முதல் நோயாளிக்கு 1987-இல் இவ்வாறு செய்தனர். ஆயினும் உடனே முரசு கொட்டவில்லை. 23 நோயாளிகளின் விளைவுகளைத் தொகுத்து 1994-இல்தான் வெளியிட்டனர். தொடை எலும்பின் முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நல்ல பலன் இருந்தது. முழங்கால் சில்லில் சிகிச்சை பெற்ற 7 பேரிலோ இருவருக்கே நற்பலன். தோல்வியையும் வெற்றிக்கு அருகிலேயே அச்சிட்ட அந்நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் அவர்கள் மருந்திட்டது குறிப்பிட்ட பள்ளங்களுக்கு. மூட்டு முழுதும் தேய்ந்த முதியவர்களுக்கு அன்று.

இம்முறையில் மற்றோர் இடையூறும் இருந்தது. குருத்தெலும்பின் உயிரணுவை எடுத்துத் தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்த்தால், அது பெருகுகிறது; ஆனால் பெருகப் பெருகத் தன் தொழிலை மறந்துவிடுகிறது. உருண்டையாக இருந்தது தட்டையாகிறது. குருத்தெலும்புக்குரிய கொலாஜனைச் செய்யாமல் வேறு வகையைச் செய்கிறது. 1982-இல் பென்யா, ஷாஃபர் என்ற இருவர் ஒரு புதுமையைக் காட்டினர். அவ்வாறு தொழில் மறந்த உயிரணுக்களைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ் போன்ற பொருளுக்குள் வைத்தால், அவை மறுபடியும் உருண்டையாகித் தம் பழைய தொழிலை மேற்கொள்கின்றன! சூழல் மாறினால் இயல்பும் மாறுகிறது. பின்தங்கிய மாணவனை வேறு வகுப்பறையில் அமர்த்திப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இராது.

நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே விதை எடுக்க வேண்டுமா? தேய்ந்த மூட்டில் விதை ஏது? இங்கேதான் மூல உயிரணு வரலாற்றில் நுழைகிறது. மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960-களிலும் 1970-களிலும் எலும்பு மஜ்ஜையை ஆராய்ந்து, அதில் இரத்தத்தை உண்டாக்கும் உயிரணுக்களேயன்றி, எலும்பை உண்டாக்க வல்ல வேறு உயிரணுக்களும் உள்ளன என்று காட்டினார். 1991-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பேராசிரியர் ஆர்னால்டு கேப்லன் இவற்றுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் சூட்டினார். அப்பெயரைக் கேட்டவர்கள், இவை எதுவாகவும் மாறும், எங்கே செலுத்தினாலும் அங்கே தேவையானதைச் செய்யும் என்று கருதத் தலைப்பட்டனர். அந்த எண்ணம் எவ்வளவு பரவிற்று என்றால், 2017-இல் கேப்லனே, தாம் இட்ட பெயர் மக்களைத் தவறான எண்ணத்துக்கு ஆளாக்குகிறது, அதை மாற்றுவோம் என்று எழுதினார். உடலில் செலுத்திய இவ்வுயிரணுக்கள் தாமே புதுத் திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள உயிரணுக்களுக்குச் செய்தி அனுப்புவதையே முதன்மையாகச் செய்கின்றன என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. தாம் பெயரிட்ட குழந்தைக்குத் தாமே பெயர் மாற்றக் கோரிய அப்பெரியவர் 2024-இல் மறைந்தார்.

எனினும் சரியான கட்டளை கொடுத்தால் மஜ்ஜையின் மூல உயிரணுக்களைக் குருத்தெலும்பாக்க இயலும் என்பது மெய்யே. 1998-இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த பிரையன் ஜான்ஸ்டனும் அவர் குழுவினரும், அவ்வுயிரணுக்களைச் சிறு உருண்டையாகத் திரட்டி, டி.ஜி.எஃப். பீட்டா என்னும் வளர்ச்சிப் புரதத்தை ஊட்டிக் குருத்தெலும்பு போன்ற திசுவை உண்டாக்கினர். இதில் கட்டளை என்பது அப்புரதமே. ஆனால் அது நிலைத்திருப்பதில்லை. பயிருக்கு நாள்தோறும் நீர் இறைப்பதுபோல் அதை இடையறாது ஊட்ட வேண்டும். கண்ணாடிக் கலத்தில் ஊட்டலாம். மூடிய முழங்காலுக்குள் யார் ஊட்டுவது? மேலும், கட்டளை பிழைத்தால் இவ்வுயிரணுக்கள் குருத்தெலும்பில் நில்லாமல் எலும்பாகும் வழியில் போய்விடவும் கூடும்.

இதற்கு நடுவில், 1997-இல், முதுகில் மனிதக் காது முளைத்தது போன்ற ஓர் எலியின் படம் உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவில் சார்லஸ் வகாண்டி முதலியோர் செய்த ஆராய்ச்சி அது. பலர் அதை மரபணு மாற்றத்தால் காது முளைத்த எலி என்று நம்பினார்கள். உண்மை வேறு. குழந்தையின் காது வடிவில் அமைத்த, தானே கரையும் சட்டத்தில் மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்களை விதைத்து, அதை எலியின் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். அதில் மரபணு வேலை எதுவும் இல்லை. அந்தக் காது கேட்கவும் கேட்காது. வேண்டிய வடிவில் திசுவை வளர்க்கலாம் என்பதே அதன் பாடம். கண்ணைக் கவரும் படம் கருத்தை மறைத்துவிடும் என்பதற்கும் அது சான்றாயிற்று.

மூட்டுக்குள் கட்டளையை யார் ஊட்டுவது என்று கேட்டோம் அல்லவா? புரதத்தை வெளியிலிருந்து ஊட்டுவதற்கு மாறாக, அதைச் செய்யும் மரபணுவையே உயிரணுவுக்குள் சேர்த்துவிட்டால், உயிரணு தன் கட்டளையைத் தானே எழுதிக்கொள்ளும். ஆனால் மரபணுவை உள்ளே சேர்ப்பது எவ்வாறு? இயற்கையில் பிற உயிரணுக்களுக்குள் நுழைந்து தன் செய்தியைத் திணிக்கும் வல்லமை வைரஸுக்கு உண்டு. அதன் நோய் செய்யும் ஆற்றலை நீக்கிவிட்டு, நாம் விரும்பும் மரபணுவை ஏற்றி அனுப்பினால், பகைவனின் குதிரையே நமக்குத் தபால் சுமக்கும். பிட்ஸ்பர்க் நகரில் கிறிஸ்டபர் எவன்ஸ், பால் ராபின்ஸ் ஆகியோர் 1996-இல் முதன்முதலாக மனித மூட்டுக்குள் இவ்வாறு மரபணுவைச் சேர்க்கும் ஆய்வைத் தொடங்கினர். முடக்குவாதம் கண்ட 9 பெண்மணிகளின் விரல் மூட்டுகளில் அது நடந்தது. அம்மூட்டுகள் எவ்வாறாயினும் ஒரு வாரத்தில் அறுவையால் அகற்றப்பட இருந்தவை. ஆகையால் தீங்கு நேருமோ என்பதை அஞ்சாமல் சோதிக்க முடிந்தது. அவர்கள் குருத்தெலும்பை வளர்க்க முயலவில்லை. மரபணு சென்று சேருமா, சேர்ந்து வேலை செய்யுமா என்று மட்டுமே பார்த்தார்கள். சேர்ந்தது, செய்தது.

இத்துறையில் அச்சம் இன்றியமையாதது என்பதை 1999-ஆம் ஆண்டு உணர்த்திற்று. ஈரல் தொடர்பான ஒரு பரம்பரைக் கோளாறுக்குப் பென்சில்வேனியாவில் நடந்த மரபணு ஆய்வில், ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். தபால் சுமந்த வைரஸை அவர் உடல் கடுமையாக எதிர்த்ததே காரணம். அதன்பின் ஆராய்ச்சியாளர்கள், மரபணுவை உடல் முழுதும் பரவவிடாமல் வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்துவது எப்படி என்பதில் மேலும் கருத்தூன்றினர்.

அதற்கு ஓர் அழகிய விடை நெசவிலிருந்து வந்தது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபர்ஷித் கீலாக் குழுவைச் சேர்ந்த பிராங்க்ளின் மூட்டோஸ், மெல்லிய இழைகளை நீளம், அகலம், உயரம் என மூன்று திசையிலும் நெய்து, குருத்தெலும்பைப் போல் பாரம் தாங்கும் சட்டம் ஒன்றை 2007-இல் உருவாக்கினார். தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து துணியாவதை நாம் அறிவோம். இங்கே மூன்றாவதாக ஓர் இழையும் அடுக்குகளை ஊடுருவிக் கட்டுகிறது. 2014-இல் அதே பல்கலைக்கழகத்தில் கீலாக்கும் சார்லஸ் கெர்ஸ்பாக்கும் தம் குழுவினருடன், இந்த நெய்த சட்டத்தின் இழைகளிலேயே, டி.ஜி.எஃப். பீட்டா-3 என்னும் புரதத்தைச் செய்யும் மரபணுவைச் சுமந்த வைரஸை ஒட்டிவைத்தனர். அதன்மேல் மனித மூல உயிரணுக்களை விதைத்தபோது, அவை இழையிலிருந்து மரபணுவைப் பெற்றுக்கொண்டு, வெளியிலிருந்து அப்புரதத்தை ஊட்டாமலே, சில வாரங்களில் குருத்தெலும்புக்குரிய பொருளைச் சுரக்கத் தொடங்கின. வீடும் கட்டளையும் ஒன்றாய் அமைந்தன. சட்டம் நாளடைவில் கரைய, வளர்ந்த திசு அதன் இடத்தை ஏற்க வேண்டும் என்பது திட்டம்.

இன்னும் ஒரு பகை எஞ்சியிருந்தது. நோயுற்ற மூட்டில் இன்டர்லூக்கின்-1 முதலிய அழற்சிப் பொருள்கள் நிறைந்திருக்கும். பழைய குருத்தெலும்பை அரித்தவை புதியதையும் அரிக்காமல் விடுமா? உவர்நிலத்தில் நல்ல நாற்றை நட்டால் மட்டும் போதாதன்றோ? 2016-இல், கீலாக் செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின், அவர் குழுவினர் இடுப்பு மூட்டின் பந்து போன்ற முனைக்குப் பொருந்தும் தொப்பி வடிவில் சட்டம் நெய்து, கொழுப்பிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களால் அதில் குருத்தெலும்பை வளர்த்தனர். அவ்வுயிரணுக்களில், இன்டர்லூக்கின்-1 இன் செயலைத் தடுக்கும் புரதத்துக்கான மரபணுவையும் சேர்த்தனர். டாக்ஸிசைக்ளின் என்னும் பழகிய மருந்தைக் கொடுத்தால் அம்மரபணு விழிக்கும், நிறுத்தினால் உறங்கும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆனால் இவையனைத்தும் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டவை. ஆய்வுக்கூடத்துக்கும் நடக்கும் மனிதனின் மூட்டுக்கும் இடையே பல ஆண்டுச் சோதனைகள் கிடக்கின்றன.

அச்சோதனைகளைச் சரிவரச் செய்யாவிடில் என்ன நேரும் என்பதைத் தென் கொரியா கண்டது. மூட்டுத் தேய்வுக்கு மரபணு சேர்த்த உயிரணுக்கள் கொண்ட இன்வோசா என்னும் ஊசி மருந்துக்கு அங்கே 2017-இல் அனுமதி கிடைத்தது. அதிலுள்ளவை குருத்தெலும்பு உயிரணுக்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. 2019-இல் அவற்றின் அடையாளத்தைச் சோதித்தபோது, மரபணு சேர்க்கப்பட்ட பகுதி குருத்தெலும்பைச் சேர்ந்ததே அன்று, சிறுநீரகத்திலிருந்து வந்த உயிரணு வழி என்று தெரியவந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வாண்டே அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. அனுமதி பெற்ற மருந்துக்கே இந்நிலை ஏற்படக்கூடுமெனில், அனுமதி எதுவும் இல்லாத ஊசியைப் பற்றி என்ன சொல்வது?

இவற்றையெல்லாம் படித்தபின் என் மாணவருக்கு நான் எழுதிய விடையின் சாரம் இது: "தம்பி, நிலத்தை விற்காதே. குருத்தெலும்பை வளர்க்கும் ஆராய்ச்சி பொய்யன்று. மிக உயர்ந்த மெய். ஆனால் வெறும் ஊசியால் தேய்ந்த மூட்டு முழுதும் புதிதாகிவிடும் என்று சொல்லும் நிலையை அது எய்தவில்லை. அவர்கள் செலுத்துவது எந்த உயிரணு, அதைச் சோதித்தவர் யார், எத்தனை ஆண்டு கண்டார்கள் என்று கேள். ஆய்வு என்று சொன்னால், 2007 முதல் நம் நாட்டில் இயங்கும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார். ஆய்வுக்கு உட்படுபவரிடமே பெருந்தொகை வாங்குவது ஏன் என்றும் கேள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்த நோய்கள் சிலவற்றுக்கன்றிப் பிறவற்றுக்கு, முறையான ஆய்வுக்கு வெளியே மூல உயிரணுவைச் சிகிச்சையாக விற்பதை ஏற்கவில்லை. அம்மாவை எலும்பு மருத்துவரிடம் காட்டு. எடை குறைப்பதும் தொடைத் தசைக்குப் பயிற்சி தருவதும் சிறியவைபோல் தோன்றினும் சோதித்து அறிந்தவை. முற்றிய தேய்வுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சிகிச்சை உண்டு. அது அரசு மருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது."

அவர் மறுமொழி எழுதினார். நிலம் விற்கப்படவில்லை. அன்னையார் எலும்பு மருத்துவரைப் பார்த்துப் பயிற்சி செய்துவருகிறார். கைத்தடியுடன் கோயில் வரை நடக்கிறார். வலி இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மை கூறியவன் ஆகேன்.

மாணவ மணிகளே, ஹண்டரின் தீர்ப்பு முற்றிலும் மாற்றப்படவில்லை. ஆயினும் அது பழைய உறுதியோடும் நிற்கவில்லை. மஜ்ஜையில் மறைந்த உயிரணுவைக் கண்டவர், அதன் மறதியை நீக்கியவர், வைரஸைத் தபால்காரனாக்கியவர், இழை நெய்தவர் என ஒவ்வொருவரும் அதை ஓரங்குலம் நகர்த்தியிருக்கிறார்கள். உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்த மூட்டு முதியவர்க்குப் பெரிதும் உதவுகிறது. ஆனால் இருபது வயதில் மூட்டைக் கெடுத்துக்கொண்ட இளைஞனுக்கு, அவன் ஆயுள் முழுதும் அது தேயாமல் இருக்குமென்று சொல்ல இயலாது. அவனுக்கு வேண்டுவது உயிருள்ள மூட்டு. அதை முடித்துக் கொடுக்கும் பணி உங்களில் சிலருக்குக் காத்திருக்கிறது. ஒருநாள் அப்பணியில் அமர்வீர்களாயின், 23 பேரின் பலனைத் தொகுத்துக் காட்ட ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்த கோதன்பர்க் மருத்துவர்களை நினைவில் வையுங்கள். நிலத்தை விற்கலாமா என்று கேட்டு எழுதும் ஒரு மகனையும் நினைவில் வையுங்கள்.